எழுபதால் பெருக்கினால் போதுமா?

நாய் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடற்சூட்டைக் காக்கவும் ஆற்றல் செலவாகிறது. இந்த ஓய்வுநிலைத் தேவையைக் கணிக்க, செல்லப்பிராணி மருத்துவத்தில் பரவலாகப் புழங்குவது ஒரு சூத்திரம்: கிலோவில் எடை, அதன் 0.75 அடுக்கு, பெருக்கல் 70. வருவது ஒரு நாளைய கிலோகலோரி.

எடையைவிட உடலின் பரப்பளவோடுதான் ஆற்றல் செலவு ஒத்துப்போகிறது என்று 1883இல் நாய்களை வைத்துக் காட்டியவர் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர். அந்தக் கணக்கில் அடுக்கு மூன்றில் இரண்டு. 1932இல் கலிபோர்னியாவில் மாக்ஸ் கிளைபர் எலி முதல் எருது வரையிலான அளவீடுகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, அடுக்கு முக்கால் என்றார். சூத்திரத்தில் இருக்கும் 0.75 அதுதான்.

இதன் பயன் பெரிது. 4 கிலோ நாய்க்கு 198 கிலோகலோரி என்றால் 40 கிலோ நாய்க்குப் பத்து மடங்கு கொடுக்கத்தான் கை போகும். சூத்திரம் சொல்வதோ 1,113. ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். பெரிய நாயை அளவுக்கு மீறிய தீனியிலிருந்து காப்பாற்றுகிற கணக்கு இது.

ஆனால் முக்கால் என்பது இனங்களுக்கிடையே கிடைத்த கோடு. ஓர் இனத்துக்குள் அது அப்படியே நிற்பதில்லை, பூனைகளுக்கு 0.67 அடுக்கையே அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2006 பரிந்துரை எடுத்துக்கொள்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவையே 50 சதவீதம் வரை வேறுபடலாம்.

எந்த எடையைப் போடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. 28 கிலோ இருக்க வேண்டிய லாப்ரடார் 36 கிலோவுக்கு ஊதியிருக்கிறது என்று வையுங்கள். இருக்கும் எடையைப் போட்டால் 1,029, இருக்க வேண்டிய எடையைப் போட்டால் 852. கொழுப்பு தசையளவு ஆற்றலைச் செலவழிப்பதில்லை. முதல் எண்ணை நம்பி உணவளித்தால் அந்த நாய் இளைப்பது கடினம். ஓய்வுநிலைத் தேவையிலிருந்து அன்றாடத் தேவைக்குப் போக, கருத்தடை செய்த நாய்க்கு 1.6, பூனைக்கு 1.2 என்று அடுத்து வரும் பெருக்கல் அந்தப் பிழையையும் சேர்த்தே பெருக்குகிறது.

இப்படிப் பெருக்குவதன் கசப்பான பாடம் நோய்க்காரணி. காயம்பட்ட, அறுவை முடிந்த விலங்குக்கு ஆற்றல் கூடுதலாகத் தேவை என்று கருதி, ஓய்வுநிலைத் தேவையை 1.2 முதல் 2 வரை பெருக்கிக் குழாய் வழியே ஊட்டிய காலம் இருந்தது. கூண்டில் அசையாமல் கிடக்கும் விலங்குக்கு அது மிகை: வாந்தி, கழிச்சல், ரத்தச் சர்க்கரை ஏற்றம். பல நாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு நிறைந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இப்போது நோயுற்ற விலங்குக்கு அன்றைய எடையை வைத்து ஓய்வுநிலைத் தேவையை மட்டும் இலக்காகக் கொள்கிறார்கள். முதல் நாளில் அதிலும் ஒரு பங்குதான். ஒரு பெருக்கலைக் கைவிட்டதே சிகிச்சையைப் பாதுகாப்பாக்கியது.

சூத்திரம் இருக்கட்டும், முதல் நாள் கிண்ணத்துக்கு அதைவிடக் கைக்கெட்டிய வழி இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உணவு அளவை எழுதித் தரும் சீட்டிலேயே, இரண்டு வாரம் கழித்து எடை பார்க்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். அந்த லாப்ரடாரின் எடை அன்றும் அசையாமல் நின்றால், சூத்திரம் என்ன சொன்னாலும் உணவில் பத்து சதவீதத்தைக் குறைக்க வேண்டியதுதான்.