ஜாடை தெரியாத கேமரா

மருத்துவரின் கண் ஏமாறும், அளவு ஏமாறாது. முப்பரிமாண முகப்படத்துக்காக வாதாடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். முகத்திலும் மண்டையோட்டிலும் பிறவியிலேயே வரும் கோளாறுகளுக்குப் பெயர் வைக்க இனி பழுத்த அனுபவசாலி எதற்கு, ஒரு படம் போதாதா என்கிற வரைக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது. எனக்கு இதில் வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

கருவியின் மேல் கோபமில்லை. பல கோணங்களில் பொருத்திய கேமராக்கள் சில மில்லி விநாடிகளில் முகத்தின் மேடுபள்ளத்தை அள்ளிவிடுகின்றன. சி.டி. ஸ்கேனைப் போலக் கதிர்வீச்சு இல்லை. திமிறுகிற குழந்தைக்கு மயக்க மருந்தும் வேண்டாம். உதட்டுப்பிளவைத் தைத்த பிறகு மூக்கு எவ்வளவு நேரானது, ஒரு பக்கம் தட்டையாகிப் போன தலை ஆறு மாதத்தில் எவ்வளவு உருண்டது என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அங்கே குழந்தையை அதே குழந்தையோடு ஒப்பிடுகிறார்கள், அதனால் வம்பில்லை. நோயின் பெயரைக் கேட்டால்தான் வம்பு. அப்போது வேறு யாரோடாவது ஒப்பிட்டாக வேண்டும்.

லண்டனில் பீட்டர் ஹேமண்டின் குழு இரண்டாயிரங்களின் முதல் பத்தாண்டில் செய்த வேலை இதற்கு அடித்தளம். ஒவ்வொரு முகத்தையும் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி முகம் ஒன்றை வடித்தார்கள். குழந்தையின் முகம் அதிலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறது என்பது வண்ணங்களாகத் திரையில் விரியும். அழகான வேலைதான். ஆனால் அந்த வண்ணம் காட்டுவது ஒரு தூரத்தை. தூரத்தை எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினோம் என்பதைப் படம் சொல்லாது.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கென்று தொகுத்த முப்பரிமாண முக அளவுகள் 2,454 பேருடையவை. அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளி. வயது 3 முதல் 40 வரை. பிள்ளையின் முகத்தில் ஏதோ சரியில்லையே என்று பெற்றோர் பதறி ஓடிவருவது பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்னால் என்பதை இங்கே போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன். ஐரோப்பியர் அல்லாத முகம் வந்தால் என்ன ஆகும்? சாதாரணப் புகைப்படத்தை வைத்து நோய் சொல்லும் மென்பொருள் ஒன்றை 2017இல் சோதித்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஐரோப்பிய இனக் குழந்தைகளில் 80 சதவீதத்தினரை அது கண்டுகொண்டது. காங்கோ குழந்தைகளில் 36.8 சதவீதம்தான். உள்ளூர் முகங்களைக் கொடுத்துப் பழக்கியதும் 94.7க்கு ஏறியது. பார்த்தீர்களா, தரவைக் கூட்டினால் எல்லாம் தீரும் என்பார்கள். இனத்தால் வரும் பிழை தீரலாம். குடும்பத்தால் வரும் பிழை?

2020இல் ஹால்கிரிம்சன் குழு வெளியிட்ட பெரிய ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 396 சிண்ட்ரோம்களைச் சேர்ந்த 3,327 பேர், அவர்களுடைய உறவினர் 727 பேர், உறவில்லாத நலமான 3,003 பேர். அந்நியரான நலமானவர்களை 96 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள். சிண்ட்ரோமைப் பெயர் சொல்லிக் கண்டதில் சராசரி உணர்திறன், அதாவது அந்தச் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சரியாகப் பிடித்த விகிதம், 49 சதவீதம். கோளாறு கடுமையாகவும் முகம் தனித்தும் தெரிகிற சிண்ட்ரோம்களில்தான் முடிவு நன்றாக இருந்தது. அதாவது, கைதேர்ந்த மருத்துவர் வாசற்படியிலேயே கண்டுகொள்ளும் முகங்களில். நோயில்லாத உறவினர்களை இயந்திரம் அடிக்கடி நோயாளிகள் என்றது. அதுவும் பல நேரம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருந்த அதே சிண்ட்ரோமின் பெயரைச் சொல்லி.

ஆய்வாளர்கள் வியந்தார்கள். இதுவரை கண்டறியப்படாத நோயாளிகளாக இருக்கலாம், பாதி வெளிப்படும் மரபணுவாக இருக்கலாம் என்றார்கள். சிலருக்கு அப்படியும் இருக்கும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியும் இதற்கு வியந்திருக்க மாட்டாள். 'அப்பன் ஜாடை' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பாள். பிள்ளையின் முகத்தில் நோய் செய்தது எது, தகப்பன் கொடுத்தது எது என்று பிரிக்கத் தெரியாத இயந்திரம் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் கட்டிவைத்தால், தகப்பன் வந்து நிற்கும்போது அவனுக்கும் அந்தப் பெயரைத்தானே சூட்டும்?

மரபியல் மருத்துவர்கள் இதைச் சமாளிக்க வைத்திருந்த வழி பழையது, செலவில்லாதது. கண்கள் அகன்றிருக்கின்றனவா என்று எழுதுமுன் தாயின் கண்ணைப் பார்ப்பார்கள். தகப்பன் வரவில்லையென்றால் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். நெருங்கிய சொந்தத்தில் பெண்ணெடுக்கும் நம் ஊர்க் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் மறைந்திருக்கும் மரபணுக் கோளாறு வெளிவரும் வாய்ப்பும் கூடும், ஒரே ஜாடை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பிள்ளையின் முகத்தில் தடித்துத் தெரியவும் செய்யும். ஊர்பேர் தெரியாத இரண்டாயிரம் பேரின் சராசரி அந்த முடிச்சை எப்படி அவிழ்க்கும்? இதைத்தான் சார்பற்ற அளவு என்கிறார்கள். ஒருவரின் கண்ணில் இருந்த சார்பு இரண்டாயிரம் பேரின் சராசரிக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். மருத்துவரின் கண்ணையாவது 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்' என்று மடக்கிக் கேட்கலாம்.

நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் அந்த 2020 ஆய்வில் 727 உறவினர்களை வரவழைத்து, கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் முகத்தை அளக்க அதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. கையில் கிடைத்த அந்த முகங்களையும் நோயாளிப் பட்டியலில்தான் தேடிப் பார்த்தார்கள்.