நடுங்கும் கையும் நான்குவழிச் சாலையும்

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன்னால் புது வண்டியை நிறுத்திப் பூசை போடுவது மதுரை வட்டாரத்து வழக்கம். மாலை சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி வண்டியை எடுப்பார்கள். அப்படி எடுத்த கார்களில் சில அதன்பின் புதூர், மூன்றுமாவடி என்று ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். திருச்சிக்குப் போக வேண்டுமென்றால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார்கள். உரிமையாளரிடம் லைசென்ஸ் இருக்கிறது. நெடுஞ்சாலை என்றால் மட்டும் கை நடுங்குகிறது.

இந்தப் பயத்துக்கு ஊரார் சொல்லும் மருந்துகளை எடைபோடுவதற்கு முன், பயத்தில் எவ்வளவு நியாயம் என்று பார்க்க வேண்டும். நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 61,038 பேர் அவற்றில்தான் இறந்தார்கள். அவ்வாண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. எதிர்த்திசையில் வரும் பைக்கும், பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டிய லாரியும் யாருடைய கற்பனையும் அல்ல. ஆகவே ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற ஆறுதல் முதலிலேயே தள்ளுபடி.

ஆனால் பயம் பார்க்கும் இடம் வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு. புதியவர் அஞ்சுவது பக்கத்தில் உறுமிப் போகும் லாரியின் உருவத்தை. அஞ்ச வேண்டியது, லாரிக்காரரின் கண்ணாடியில் நம் கார் தெரியாத பகுதியில் ஒட்டிக்கொண்டே போவதை. 2022இல் இறந்தவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவானது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. முன்வண்டியோடு மூன்று விநாடி இடைவெளி என்றால் 66 மீட்டர். இந்தக் கணக்கு பழகியவருக்குப் பயம் எச்சரிக்கையாக உதவும். பழகாதவர் பயத்தில் வலப்பக்கத் தடத்தில் 40இல் ஊர்ந்து, பின்னால் வருபவர்களை இடப்புறம் முந்த வைக்கிறார். பாதுகாப்பு என்று அவர் நம்புவதே அங்கே மிகப் பெரிய ஆபத்து.

இனி ஊரார் மருந்துகள். சாமி கும்பிடுவது வண்டியை வெளியே எடுக்கும் துணிவைத் தருகிறது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிக்கல் அடுத்த அரைமணியில் வருகிறது. முழுக் குடும்பமும் ஏறிக்கொண்டு, ஆளுக்கொரு உத்தரவு போட்டுக்கொண்டு, திருவிழா நெரிசலில் வீடு திரும்பும் பயணம், கற்றுக்கொள்பவருக்கு வாய்க்கக்கூடிய மிக மோசமான முதல் பாடம்.

மாத்திரையைச் சிலர் நாடுகிறார்கள். டயஸிபாம் வகை மாத்திரைகள் அனிச்சை வேகத்தைக் குறைக்கும். ஸ்டியரிங் முன்னால் அதற்கு இடமே இல்லை. ப்ராப்ரனலால் நடுக்கத்தை அடக்கும், ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இரண்டுமே ஓட்டக் கற்றுத் தருவதில்லை.

இவற்றைவிட அதிகக் கேடு செய்வது அன்பு. நெடுஞ்சாலையில் ஒத்தக்கடை நெருங்கும்போது, ஓட்டும் மனைவியின் முகம் வெளிறுகிறது. ‘நீ விடும்மா, நான் ஓட்டுறேன்’ என்று கணவர் இடம் மாறுகிறார். அந்தக் கணத்தில் கிடைக்கும் நிம்மதி, தப்பித்தால்தான் பிழைப்போம் என்று மனசுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கிராமத்து ரோட்டில் சுற்றிப் போவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. வீட்டில் ‘நீ விடும்மா’ என்ற வாக்கியத்தைப் பெண்களே அதிகம் கேட்கிறார்கள் என்பது எனக்குக் கோபம் தருகிறது.

டிரைவிங் ஸ்கூல்? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் குறைந்தது 21 நாள், 10 மணி நேர ஓட்டம் என்கின்றன. அந்த ஓட்டத்திலும் பயிற்சியாளரின் காலடியில் தனி பிரேக் இருக்கிறது. பாதி வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். தேர்வோ மைதானத்தில் முடிந்துவிடும். 2021இல் வந்த அங்கீகாரப் பயிற்சி மையங்களுக்கான பாடத்திட்டம் 29 மணி நேரம்; அதில் நெடுஞ்சாலை ஓட்டமும் உண்டு. எனவே பழைய முறையில் கற்றுக் கை நடுங்குபவரைக் கோழை என்பது அநியாயம். சொல்லித்தராத பாடத்தில் அவர் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்.

மிஞ்சுவது படிப்படியாகப் பழகுவது. 1958இல் ஜோசப் வோல்ப் தம் நூலில் விளக்கியது முதல், அச்சத்துக்கு மனநல மருத்துவம் அதிகம் நம்புவது இந்த வழியைத்தான். அழகர்கோவில்காரருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேலூர் போய், நான்குவழிச் சாலையில் ஏறி, சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டி ஒத்தக்கடையில் இறங்கலாம். முதலில் அனுபவசாலி ஒருவர் பேசாமல் பக்கத்தில் உட்காரட்டும், பிறகு தனியாக. நெஞ்சு படபடத்தால் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, மூச்சு சீராகும் வரை இருந்து, அதே சாலையில் தொடர வேண்டும். திரும்பி ஓடிவிட்டால் அன்றைய பாடம் வீண். தடம் மாறுவது, முந்துவது, மாலை நெரிசல் எல்லாம் பழகிய பிறகே இரவு. சித்திரைத் திருவிழா நாட்களும் ஆடி அமாவாசையும் இதற்கு உதவாது. சாலை நிறைய நடந்து வரும் பக்தர்கள்.

என் தீர்ப்பு இந்த வழிக்கே, ஒரு விலக்கோடு. விபத்தில் சிக்கி, அந்தக் காட்சி கனவிலும் துரத்துபவர்கள் தாமாகவே இதில் இறங்கக் கூடாது. அவர்களுக்கு முதலில் மனநல மருத்துவர் வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கென்று ஒரு துறை இருக்கிறது. மற்றவர்களுக்கு வேண்டியது பயிற்சி. அதை ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே தேடிக்கொள்ளும்படி விடாமல், நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிக் காட்டாதவருக்கு லைசென்ஸ் இல்லை என்று அரசு சொல்ல வேண்டும்.