பெரும்பொருட் படங்களும் படைப்போன் உரிமையும்

ஒரு வினையைத் தொடங்குமுன் அதன் செலவையும் வரவையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது வள்ளுவரின் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரம் உணர்த்தும் நெறி. திரைப்படத்தை ஆராய்வோர் இவ்வெண்ணத்தை வணிகர்க்கே உரியதென விட்டுவிடுகின்றனர். செலவின் அளவு படைப்பின் வடிவையும் படைப்போன் உரிமையையும் மாற்றுமாயின், அது திறனாய்வுக்கும் உரிய பொருளேயாம். பெருஞ்செலவின் பயன் யாரைச் சேர்கின்றது என்பதனை இரண்டு படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஜெமினி நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளியிட்ட 'சந்திரலேகா'. இதற்கு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். மக்கள் விரும்பிக் கண்டும், தமிழ்ப் பதிப்பு இட்ட முதலை மீட்டிலது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இந்திப் பதிப்பே நிறுவனத்திற்கு ஊதியம் தந்தது. ஆகவே, செலவு பெரிதாயிருந்தமையால் பயன் விளைந்தது என்பதினும், சந்தை விரிந்தமையால் அச்செலவு தாங்கப்பட்டது என்பதே பொருந்தும். அப்படத்துள் இன்றும் பேசப்படுவன முரசு நடனமும் சர்க்கஸ் காட்சிகளும் இறுதி வாட்போருமே. இவை மொழியறியாதாரும் துய்க்கத்தக்கவை. முரசு நடனத்தின் சிறப்பை யாம் மறுக்கவில்லை. ஆயின், பெருமுதல் பல மொழியாரையும் நாடும்போது, சொல்லினும் காட்சியே முதலிடம் பெறுதல் இயல்பு என்பதற்கு இப்படம் தக்க சான்றாகும்.

இரண்டாவது, அமெரிக்காவின் டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட 'கிளியோபாத்ரா'. தொடக்கத்தில் 20 இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு, முடிவில் 3 கோடி டாலரைக் கடந்தது. அமெரிக்க நாட்டில் அவ்வாண்டு மிகுதியாக வசூலித்த படம் இதுவே. எனினும் முதல் உடனே மீளவில்லை. 1966இல் தொலைக்காட்சி உரிமை விற்கப்பட்ட பின்னரே செலவு ஈடாயிற்று. பெருவரவும் பெருஞ்செலவின்முன் போதாதாதல் இதனால் விளங்கும்.

இவ்விரு படங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தொடங்கிய இயக்குநர் முடித்தாரல்லர். சந்திரலேகாவை முதலில் இயக்கிய ஆச்சாரியா இடையில் விலக, நிறுவன உரிமையாளராகிய எஸ். எஸ். வாசன் தாமே இயக்கி முடித்தார். கிளியோபாத்ராவில் ரூபன் மாமூலியன் விலக, ஜோசப் மேன்கிவிச் அப்பணியை ஏற்றார். இருபடமாக வெளியிட அவர் எண்ணியதனை நிறுவனம் ஒருபடமாகச் சுருக்கிற்று.

வாசன் இயக்குநராய் நின்றும் உரிமை இழந்திலரே எனின், அவர் முதலுக்கும் உரியவர். இழப்பு நேரினும் அது தம்மதே என்று துணிந்தவர். ஆதலின் அவர் நிலை, எம் கருத்திற்கு மாறாகாது அதனை வலியுறுத்துவதேயாம். பிறர் முதலில் பணிபுரியும் இயக்குநர்க்கு அத்துணிவு கைகூடாது.

இரண்டு சான்றுகளால் பொதுவிதி வகுத்தல் ஆராய்ச்சி நெறியன்று. எனினும், பெருஞ்செலவு நிறுவனத்திற்குக் காலந்தாழ்த்தேனும் பயன் தரலாம். இயக்குநர்க்கோ அது பெரும்பாலும் உரிமையைக் குறைத்தே புகழைத் தருகின்றது என்பது இவற்றால் பெறப்படும். ஒரு படத்தை மதிப்பிடுவோர், இதற்கு எவ்வளவு செலவாயிற்று என்பதோடு அமையாது, அச்செலவு யாருடைய முடிவுகளை மாற்றிற்று என்றும் வினவுதல் வேண்டும். தமிழில் எடுக்கப்படும் பெரும்படங்கள் பல மொழிச் சந்தைகளை ஒருங்கே நாடும் இந்நாளில், மொழியைப் பயில்வோராகிய நமக்கு இவ்வினா மிகவும் உரியதாகும்.