மன்னிப்பும் நம்பிக்கையும்: ‘சாபவிமோசனம்’ பற்றிய ஒரு மறுநோக்கு

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) பெரும்பாலும் இராமனது நீதியின் மீதான கண்டனமாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்புத் தவறானதன்று; ஆயின் முழுமையானதுமன்று. மன்னிப்பு முற்றுப்பெற்ற பின்னரும் நம்பிக்கை ஏன் மீளவில்லை என்பதே அக்கதையின் அடிப்படை வினா என்பது எமது கருத்து.

மரபுக்கதையில் இவ்வினாவுக்கு இடமில்லை. வான்மீகத்தில் அகலிகை பிறர் கண்ணுக்குப் புலப்படாதவளாகத் தவமிருக்கிறாள், கம்பனிலே கல்லாகிறாள். இரண்டிலும் இராமனது வருகையோடு சாபம் நீங்குகிறது. கோதமன் அவளை ஏற்கிறான். கதை மிதிலையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஏற்கப்பட்ட பின்னர் அவ்விருவரும் ஒரே குடிலில் எவ்வாறு வாழ்ந்தனர் எனக் காவியம் கேட்பதில்லை. காவியம் முடித்த இடத்திலேயே புதுமைப்பித்தன் தொடங்குகிறார்.

அவரது கோதமன் மனைவியை மனமார மன்னித்தவன்; தன் சாபத்தின் அவசரத்தையும் உணர்ந்தவன். எனினும் அகலிகைக்கு எதிர்ப்படும் ஆடவரெல்லாம் இந்திரராகவே தோன்றுகின்றனர். கணவனின் சாதாரணச் சொல்லிலும் உட்பொருள் உண்டோ என அவள் துருவுகிறாள். மன்னிப்பைக் கோதமன் ஒருவனே நிறைவேற்றிவிடலாம். நம்பிக்கையோ ஒருவர் வழங்க மற்றவர் பெறும் கொடையன்று. இருவரும் நாளாந்த வாழ்விலே சேர்ந்து உருவாக்க வேண்டியது. ஆகவேதான் கோதமனின் நல்லெண்ணம் மட்டும் போதுமானதாக இல்லை.

இங்கு நோக்கற்பாலது மற்றொன்று. தவறு செய்தவரை மீண்டும் நம்பலாமா என்பதே வழமையாக எழும் வினா. புதுமைப்பித்தன் அதனைத் தலைகீழாக்குகிறார்: மன்னிக்கப்பட்டவர் மன்னித்தவரை நம்பலாமா? இராமன் தன்னை மீட்டான் என்ற நம்பிக்கையே அகலிகையின் எஞ்சிய பற்றுக்கோடு. அவனே சீதையைத் தீயில் இறங்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயாலேயே அறியும்போது அதுவும் தகர்கிறது. பிறன் மனைவிக்குக் கருணை காட்டுவதால் இராமனுக்கு இழப்பெதுவுமில்லை. தன் மனைவியை நம்புவதற்கோ உலகத்தின் சான்று அவனுக்கு வேண்டியிருந்தது. மேலிருந்து அருளப்படும் மன்னிப்பு, அருளுபவரின் அதிகாரத்தைச் சற்றும் குறைப்பதில்லை என்பது இவ்விடத்திலே புலனாகிறது. சமத்துவமில்லாத உறவிலே மன்னிப்பு நிகழலாம், நம்பிக்கை நிலைப்பதரிது.

அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவு பூணுகிறான். புதுமைப்பித்தன்மீது சுமத்தப்படும் ‘நம்பிக்கை வறட்சி’ என்ற குற்றச்சாட்டுக்கு இம்முடிவு சான்றாகக் காட்டப்படலாம். மாற்றத்துக்கான சமூக சக்திகளை அவர் இனங்காணவில்லை என்பதும், இருவரும் தனித்தனியே விலகுவதோடு கதை அமைந்துவிடுகிறது என்பதும் உண்மையே. ஆயினும் முதன்முறை அவள் கல்லானது ஒருவன் இட்ட சாபத்தினால். இரண்டாம் முறை சபித்தவர் எவருமில்லை. நம்ப முடியாத உலகொன்றின் மன்னிப்பை அவள் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அதனை வெறும் விரக்தி எனக் கொள்வது பொருந்தாது.

மன்னித்துவிட்டோம் என்பதனாலேயே பழையபடி நம்பப்பட வேண்டும் என எதிர்பார்ப்போர் எக்காலத்திலும் உளர். அவ்வெதிர்பார்ப்பும் ஓர் அதிகாரமே என்பதை உணர்த்தும் வகையிலே இச்சிறுகதை இன்றும் மீள்வாசிப்புக்கு உரியதாகின்றது.