இரும்பு ஜன்னலின் கீழ்ச்சட்டம்

அடையாறில் என் அத்தையின் வீடு 1962இல் கட்டியது. பதினேழு ஜன்னல், எல்லாமே இரும்பு. சென்ற ஆண்டு மழைக்கு முன் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது என்று பார்க்க வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து, கதவின் கீழ்ச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ‘டங்’ என்றால் அடுத்த ஜன்னல். ‘சத்’ என்று செத்த ஒலி வந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஐந்து ஜன்னலில் குறி விழுந்தது. ஐந்தும் கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம். அதிலும் நான்கு, சன்ஷேடு இல்லாத மாடி ஜன்னல்கள்.

“பன்னெண்டு நல்லாருக்குன்னு சொல்றாரே, அப்புறம் ஏன்டா எல்லாத்தையும் பேத்துப் போடணும்னு உன் அத்தான் குதிக்கிறான்?” என்றாள் அத்தை.

அத்தானுக்கு வேண்டியது யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல். அத்தானின் மகளுக்கு, கட்டடக்கலை படிக்கிறவள், வேண்டியது பழைய ஜன்னலைப் போலவே மெல்லிய, ஆனால் புத்தம்புதிய, கறுப்பு நிற இரும்பு ஜன்னல். பத்திரிகைகளில் வருகிறதே, கட்டம் கட்டமாக, தரையிலிருந்து கூரை வரை. ஒரே பொருளை ஒருவர் தரித்திரம் என்று கழற்றச் சொல்கிறார், இன்னொருவர் அந்தஸ்து என்று மாட்டச் சொல்கிறார். இரண்டு தரப்பும் பார்ப்பது தோற்றத்தைத்தான் என்பது என் எண்ணம். கீழ்ச்சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்த ஜன்னல் பிறந்த இடம் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள பிரெய்ன்ட்ரீ. அங்கே இரும்புக் கடை நடத்திய கிரிட்டால் குடும்பம் 1884இல் உலோக ஜன்னல் செய்யத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் வந்தபோது, தச்சரை எதிர்பார்க்காமல் ஒரே அளவில் அச்சடித்தாற்போல வரும் ஜன்னல் அரசு வீடுகளுக்கு வசதியாக இருந்தது. 1926 முதல் அந்த நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகச் சில்வர் எண்ட் என்ற கிராமத்தையே எழுப்பியது. வெள்ளைச் சுவர், மொட்டை மாடி, இரும்பு ஜன்னல். அதே 1926இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில் திறந்த பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் கட்டடமோ ஒரு பக்கச் சுவரையே இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஆக்கிக்கொண்டது. கோடையில் கொதிப்பு, குளிரில் நடுக்கம் என்ற புகார் அன்றே உண்டு. போரில் 1945இல் அந்தக் கண்ணாடிச் சுவர் நொறுங்கியது. 1976இல் அதைத் திரும்ப எழுப்பியபோது இரும்பு போடவில்லை, அலுமினியம் போட்டார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற இரும்பு ஜன்னலை இன்று படமெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் படமெடுப்பது அலுமினியத்தை.

நம் ஊருக்கு வந்தபோது இரும்பு ஜன்னலின் வேஷம் மாறிவிட்டது. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஐ.எஸ். 1038 என்று எண்ணே உண்டு. எஃப்7டி என்று பழைய பொதுப்பணித் துறை ஆளிடம் சொன்னால் எந்தப் பட்டை என்று அவருக்கு உடனே தெரியும். அரசுக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எங்கும் அதே சாம்பல் நிறச் சட்டம், அதே துளை போட்ட தாங்குகம்பி. நமக்கு அது ரேஷன் கடை ஜன்னல். அந்தக் க்வார்ட்டர்ஸ்களில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்போது அதைக் கறுப்படித்து விற்கிறார்கள்.

ஆனால் ரேஷன் கடை என்பதற்காக அதன் தரத்தைக் குறைத்துப் பேச முடியாது. இரும்பின் விறைப்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. அதனால்தான் ஒரு விரல் அகலப் பட்டை, ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தாங்குகிறது. அதே வேலைக்கு யுபிவிசி உள்ளங்கை அகலம் கேட்கும். உள்ளே இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டும் கேட்கும். சின்ன ஜன்னலில் இது சின்ன விஷயமில்லை. இரண்டடிக்கு மூன்றடித் திறப்பில் நாலு பக்கமும் கொழுத்த சட்டம் வந்தால் வெளிச்சத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

யாரும் பேசாத இன்னொரு குணம், வெயிலில் விரிவது. மேகமூட்டமான விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையே சட்டத்தின் சூடு 30 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் கண்ணாடி கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நீளும். இரும்பு ஏறக்குறைய 0.36 மி.மீ. அலுமினியம் அதைப்போல இரு மடங்கு. யுபிவிசி இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி. கண்ணாடியும் இரும்பும் அண்ணன் தம்பி போலச் சேர்ந்தே நீண்டு சேர்ந்தே சுருங்குவதால், நடுவில் இருக்கும் மக்கு (புட்டி) அவ்வளவாக இழுபடுவதில்லை. அத்தை வீட்டுக் கீழ்த்தளத்தில் அறுபதாண்டு மக்கு இன்றும் கல்லாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு காற்று. கதவு போல வெளியே திறக்கும் ஜன்னல் முழுதாகத் திறக்கும். தள்ளு ஜன்னல் எத்தனை அழகாக வழுக்கினாலும் பாதிதான் தரும். கடற்காற்றை நம்பி மதியத்தை ஓட்டும் ஊரில் பாதி ஜன்னலை நிரந்தரமாக மூடி வைப்பது பெரிய இழப்பு. பழைய இரும்பு ஜன்னல்களில் கீல் சற்று வெளியே தள்ளி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கதவைத் திறந்தால் கீல் பக்கம் கை நுழைகிற இடைவெளி வரும். உள்ளே நின்றபடியே வெளிக்கண்ணாடியைத் துடைத்துவிடலாம். மாடி வீட்டுக்காரர்களை நினைத்த யாரோ செய்த வேலை அது.

நான்காவதாக, அது செத்தாலும் பிழைக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று அத்தை மாடி ஜன்னல் ஒன்றைக் கொக்கி போடாமல் விட்டுவிட்டாள். தாங்குகம்பி முறுக்கிக்கொண்டது, கண்ணாடி போயிற்று, கதவு ஒரு மூலையில் வளைந்தது. தெருமுனைப் பட்டறையில் மறுவாரமே நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்கள். யுபிவிசியில் மூலை பிளந்தால் ஒட்டுப்போட முடியாது. கதவையே மாற்ற வேண்டும், அந்த வடிவம் இன்னும் விற்பனையில் இருந்தால்.

இனிக் குறைகள். இரும்பு சூட்டைக் கடத்தும் என்பதுதான் முதலில் சொல்லப்படுகிற குறை. அதில்தான் எனக்கு மரியாதை மிகக் குறைவு. மரத்தைவிட இரும்பு முந்நூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு கடத்தும். இரும்பு சுடுகிறது என்று கழற்றிவிட்டுச் சாதாரண அலுமினியம் மாட்டுகிறவரை என்ன சொல்ல? இந்தக் குற்றச்சாட்டு குளிர்நாட்டிலிருந்து வந்தது. அங்கே வெளியே பனி, உள்ளே கணப்பு, நடுவில் குளிர்ந்த சட்டத்தின் உட்பக்கம் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான் வெப்பத்தடை வைத்த புதுச் சட்டங்களும் இரட்டைக் கண்ணாடியும் வந்தன. இங்கே அறையைச் சுட வைப்பது விரலகலச் சட்டமல்ல, கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடும். மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு எந்தச் சட்டம் போட்டாலும் அடுப்புதான். அதற்கு மருந்து சட்டத்தில் இல்லை, வெயிலை வெளியிலேயே மறைப்பதில்.

ஆனால் ஏசி வந்த பிறகு குளிர்நாட்டு நோய் நம் வீட்டுக்கும் திசை மாறி வந்திருக்கிறது. இதை நான் அத்தானின் அறையில்தான் கண்டேன். ஏசி 22இல் ஓடுகிறது. வெளியே கடற்கரைக் காற்றின் ஈரம் 25 டிகிரியிலேயே பனித்துளியாகிவிடும் அளவுக்கு. எனவே குளிர்ந்த சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இரவெல்லாம் வியர்வை. துளிகள் கண்ணாடியில் இறங்கி, மக்கின் விளிம்பில் தேங்கி, கீழ்ச்சட்டத்தில் உட்காருகின்றன. மழையே இல்லாத மாதத்திலும் அந்தச் சட்டம் விடிய விடிய நனைந்திருக்கிறது. குறி விழுந்த ஐந்தில் சன்ஷேடு இருந்தும் கெட்ட ஒரே ஜன்னல் இதுதான்.

துருதான் உண்மையான குறை. அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. இரும்பு துருவாகும்போது தன் பருமனைப் போலப் பல மடங்கு வீங்கும். பெயின்ட்டுக்கு அடியில் அந்த வீக்கம் முதலில் மக்கைத் தூக்கும், பிறகு கதவு இறுகும், கடைசியில் மூலையில் கண்ணாடி குறுக்கே விரியும். “கண்ணாடி தானா ஒடஞ்சுது” என்று வீட்டில் சொல்வார்கள். தானாக உடையவில்லை, துரு நெட்டித் தள்ளியது. சில்வர் எண்ட் காலத்து ஜன்னல்களுக்குத் துத்தநாகப் பூச்சு கிடையாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில்தான் பரவியது. அத்தை வீட்டு ஜன்னல்களுக்கும் அது இல்லை. ரெட் ஆக்ஸைடு, மேலே எனாமல், அவ்வளவுதான்.

முக்கியெடுத்தால் தீர்ந்ததா என்றால், அலையோரத்தில் இல்லை. ஜன்னல் பட்டை கனத்துக்கு அந்தப் பூச்சு சுமார் 70 மைக்ரான் நிற்கும். உப்புக் காற்று மிகுந்த கடலோரத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு நாலு முதல் எட்டு மைக்ரான் கரையும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்பது முதல் பதினேழு ஆண்டு. அதன்மேல் நல்ல பெயின்ட் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காத்து, தனித்தனி ஆயுளின் கூட்டுத்தொகையைவிட நீளமாகவே வரும். மதுரையிலோ சேலத்திலோ இந்தக் கவலை பாதிகூட இல்லை. ஊரைச் சொல்லாமல் ஜன்னலைப் பரிந்துரைக்கிறவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை.

புதிதாகப் போடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பட்டை கெட்டியா, குழாயா? பழைய ஜன்னல் சூட்டில் உருட்டிய கெட்டிப் பட்டை. மேலே துருப்பிடித்தால் சுரண்டிப் பார்க்கலாம். இப்போது ‘ஸ்டீல் ஜன்னல்’ என்று மலிவாக வருவதில் பெரும்பங்கு, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகட்டை மடித்த குழாய். அது உள்ளிருந்து அழுகும். வெளியே பளபளக்கும்போதே உள்ளே பொத்தல் விழுந்துவிடும், சுத்தியலுக்கும் நெடுநாள் அகப்படாது. கெட்டிப் பட்டையில் நல்ல வேலைப்பாட்டோடு செய்வோர் இருக்கிறார்கள். ஆனால் விலையைக் கேட்டால் தேக்கே பரவாயில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றினால் தேக்கே போடலாம், குற்றமில்லை.

பழைய வீடு என்றதும் இரும்பு ஜன்னல் பொருந்தும் என்ற நினைப்பும் இப்போது பரவுகிறது. எந்தப் பழைய வீடு? முப்பதுகளிலிருந்து எழுபதுகள் வரையிலான வளைந்த பால்கனி, பட்டை பட்டையான முகப்புக்கொண்ட சென்னை வீட்டுக்கு அது உடன்பிறந்த உறுப்பு. அதைக் கழற்றிக் கொழுத்த வெள்ளை யுபிவிசி மாட்டினால் முகத்தில் மூக்குக்கண்ணாடி மாறினாற்போல ஆளே மாறிவிடுவார். செட்டிநாட்டு வீட்டிலோ அக்கிரகாரத்திலோ கதை வேறு. அங்கே ஜன்னல் என்பது மரக்கதவும் கம்பியும்; வெளிச்சத்தை வடிகட்டி, வெயிலை வெளியே நிறுத்தும் ஏற்பாடு. அதில் கறுப்புக் கட்டம் போடுவது மீட்டெடுப்பல்ல, மாறுவேடம். புதுச்சேரியின் கோல்கொண்டே விடுதியை நினைத்துக்கொள்கிறேன். கட்டடக்கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, முப்பதுகளின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. அசல் நவீனக் கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைகள், அறைகளுக்குத் தேக்குச் சட்டக் கதவுகள். நவீனமாக இருக்க இரும்புச் சட்டமும் பெருங்கண்ணாடியும் கட்டாயம் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய கோட்டுக்காகக் காசைக் கொட்டிய பிறகு நம் ஊரில் நடப்பது என்ன? திருடனுக்குக் கிரில், கொசுவுக்கு வலை. கதவு வெளியே திறப்பதால் வலை உள்ளே வரும். கதவைச் சாத்த வலையைத் திறக்க வேண்டும், அந்த அரை நிமிஷத்தில் கொசு வந்துவிடும். தள்ளு ஜன்னல் நம் வீடுகளைப் பிடித்ததற்கு அழகோ விலையோ அல்ல, இந்தக் கொசுதான் காரணம் என்று எனக்கு வலுவான சந்தேகம். இதற்கு இரும்பு ஜன்னலிடம் நல்ல பதில் இல்லை. இருக்கிறது என்கிறவர்கள் அந்தி நேரத்தில் அடையாறில் வந்து உட்கார்ந்து காட்டட்டும்.

கடைசியில் அத்தை வீட்டில் நடந்தது இது. பன்னிரண்டு ஜன்னலும் நின்றன. குறி போட்ட ஐந்தில் மூன்றுக்கு, செத்த கீழ்ச்சட்டத்தை மட்டும் அறுத்துப் புதுப் பட்டை வெல்டு வைத்து, பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் பூசினார்கள். ஏசி அறைக்கு அத்தான் கேட்டபடியே யுபிவிசி. அங்கே ஜன்னல் எப்படியும் திறப்பதில்லை. இன்னொன்று நிலையோடு அழுகியிருந்ததால் தேக்கில் செய்தோம். மாடி வரிசைக்கு மேலே இரண்டடிக்குச் சன்ஷேடு இறக்கி, அதன் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டிவிடச் சிறு பள்ளம் விட்டோம். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிற்று, அத்தானுக்கு இன்னும் வருத்தம்.

பெயின்ட் முடிந்த அன்று மாலை, அத்தையின் கைக்கண்ணாடியை வாங்கி, மாடிக் கதவுகளைத் திறந்து, கீழ்ச்சட்டத்தின் அடியில் பிடித்துப் பார்த்தேன். சாத்திய கதவின் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றில் இரண்டுக்கு அடிவிளிம்பில் பிரைமர் மட்டும்தான் இருந்தது. பெயின்டரை மறுநாளும் வரச் சொன்னோம்.