பால் ஐயமும் பன்மைக் கிளவியும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், ஐயத்தின்கண் மொழியும் முறைமை பற்றி மூன்று நூற்பாக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வகுப்பறையில் இவை விரைந்து கடக்கப்படுவன. உரையாசிரியர் காட்டிய உதாரணங்களை மனப்பாடம் செய்வதோடு மாணவர் அமைவர்; விதியைச் சொல்லி முடிப்பதோடு ஆசிரியரும் அமைவர். யாமும் பல்லாண்டு அவ்வாறே செய்துவந்தோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. அந்நூற்பாக்களை மீண்டும் எடுத்து நோக்குமாறு எம்மைத் தூண்டியது அம்பத்தூர்ப் புகைவண்டி நிலையத்தில் ஒரு மார்கழி வைகறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியாகும்.

எம்முடன் முதுகலை மாணவர் இருவர் நின்றனர். நடைமேடையின் மறுகோடியில், பனிமூட்டத்தினூடே, தொப்பியும் கழுத்துத் துண்டும் தொழிற்சாலைச் சீருடையுமாக ஓர் உருவம் தோன்றிற்று. 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்த ஊர் அது. ஆடவரும் மகளிரும் ஒரே நிறத்துச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து முறைவேலைக்குச் செல்வது அங்கே அன்றாடக் காட்சி. மாணவருள் ஒருவர் 'ஒருவன் நிற்கிறான்' என்றார். மற்றவர் 'அல்ல, ஒருத்தி' என்றார். சொற்போர் சற்றே முற்றிற்று. அருகில் பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி தலைநிமிராமலே, 'அவங்க தெனமும் இந்த வண்டிக்குத்தான் வருவாங்க' என்றார். வண்டி வந்தது, அவ்வுருவம் ஏறிச் சென்றது. ஆணோ பெண்ணோ என்பது எமக்கு இன்றுவரை தெரியாது.

அம்மூதாட்டியின் வாயில் வந்தது தொல்காப்பியர் விதி என்பதை அன்று மாலைதான் உணர்ந்தோம். பால் துணியப்படாத பொருளைத் தாம் அறிந்த திணைக்கண் பன்மையாற் கூறுக என்பதே ஆசிரியர் கருத்து. மக்கள் என்பது தெரிந்து, ஆடூஉ மகடூஉ என்பது தெரியாதவிடத்து, 'ஆர்' ஈற்றுச் சொல் வரும். இவ்விதி மானிடர்க்கே உரிய தனிச்சலுகை அன்று என்பதையும் மறைக்கலாகாது. பால் என்பது தமிழிலக்கணத்தில் எண்ணையும் உள்ளடக்கிய பகுப்பு. ஆதலின் வயலில் மேய்வது ஒரு பசுவோ பலவோ என ஐயுறும் இடத்தும் இதே முறையையே உரைகாரர் காட்டுவர். இவ்வளவில் நின்றால் இது வெறும் சிக்கன ஏற்பாடு என்று ஒருவர் கூறலாம், மறுப்பதற்கில்லை.

ஆயின் அடுத்துள்ள நூற்பாவோடு சேர்த்து நோக்குக. தோன்றுவது மகனோ மரக்கட்டையோ என்று திணையிலேயே ஐயம் நிகழின், 'உருவு' என்றோ அஃறிணைச் சொல்லாலோ வழங்கலாம் என்கிறார். அஃதாவது, மக்கள் என்பது துணியப்படாத வரையில் அஃறிணை வாய்பாடு பொருந்தும். மக்கள் என்று துணிந்த மறுகணமே அது நீங்குகிறது. ஆண் எது, பெண் எது என்ற வினா எஞ்சியிருப்பினும், அவ்வெச்சம் அவரை மீண்டும் அஃறிணைக்கு இழுப்பதில்லை. உயர்திணை என்னும் தகுதி பால் தெளிவை எதிர்பார்த்து நிற்பதன்று. எம் மாணவர் இருவரும் பாலை முடிவுசெய்யாமல் ஒரு வினைமுற்றுக்கூட வராது என்று கருதினர். ஆசிரியர் அவ்வாறு கருதவில்லை.

இன்னொரு கூறும் இங்கே நோக்கத்தக்கது. களவியலில் தலைமகன் தலைவியைக் கண்டு, தெய்வமகளோ மானுடமகளோ என ஐயுறுகின்றான். அவ்விடத்து ஐயம் தீர்க்கும் குறிகளை ஆசிரியரே நிரல்படத் தருகிறார்: வண்டு, அணி, பூ, கண் இமைத்தல், அச்சம் முதலாயின. கிளவியாக்கத்திலோ அத்தகைய குறி ஒன்றேனும் தரப்படவில்லை. மார்பை நோக்கு, நடையை நோக்கு, கூந்தலை நோக்கு என்று ஆசிரியர் கூறவில்லை. காதலன் தெளிந்தே ஆகவேண்டும். வழிப்போக்கன் தெளியவேண்டும் என்னும் கடப்பாடு இல்லை. ஐயம் இருக்கும்போதே முறையாகப் பேசுவது எவ்வாறு என்பதொன்றே சொல்லதிகாரத்தின் கவலை. இவ்வேறுபாட்டை உரைகாரர் எடுத்துக் காட்டாது சென்றது வியப்புக்குரியது.

மூன்றாவது, அன்மைக் கிளவி பற்றிய நூற்பா. ஐயம் நீங்கித் துணியும்போது வரும் 'அல்லன், அல்லள், அன்று' என்னும் சொல்லின் ஈறு, துணிந்த பொருளைத் தழுவி வருதலும் உரித்து என்பது விதி. கம்பமோ என ஐயுற்று மகன் எனத் தெளிந்தவன், 'கம்பம் அல்லன், மகன்' என்பான். பெண்ணோ என ஐயுற்று ஆண் எனத் தெளிந்தவன், 'பெண் அல்லன், ஆண்' என்பான். முதலிற் கேட்போர்க்கு இது பிழைபோல் ஒலிக்கும். ஆயினும் ஈறு யாருக்கு உரியது என்று வினவினால் நுட்பம் விளங்கும். எதிரே நிற்பவர்க்கே ஈறு உரியது. நம் மயக்கத்துக்கு உரியதன்று. 'உரித்து' என்றும் உம்மை கொடுத்தும் கூறினமையால் மற்றை முடிபு விலக்கப்படவில்லை. எனினும் மெய்ப்பொருளைத் தழுவும் முடிபை எடுத்தோதினார் என்பது சிறிதன்று.

இவற்றின்பின் சிறிது இடையிட்டு ஆசிரியர் கூறும் செய்தி ஒன்று எம் கருத்துக்கு உறுதுணை. ஒருவரை உயர்த்திப் பன்மையாற் கூறுதல் வழக்கில் உண்டேனும், அது இலக்கண நெறியன்று என்கிறார். ஐயப் பன்மைக்கு விதி உண்டு. உயர்வுப் பன்மைக்கு வழக்கென்னும் ஒப்புதல் மட்டுமே உண்டு. பெயரியலில் 'ஒருவர்' என்னும் பெயரை இருபாற்கும் பொதுவாக்கிப் பன்மை முடிபு கொடுத்ததையும் இதனோடு சேர்த்தெண்ணுக. இன்றைய தமிழில் இவ்விரு பன்மைகளும் ஒன்றிவிட்டன. பூக்காரி 'வருவாங்க' என்றது ஐயத்தாலோ மதிப்பாலோ? அவருக்கு அவ்வுருவம் நன்கு அறிமுகமாகவே இருந்திருக்கலாம். சொல்லைக்கொண்டு அதனைப் பிரித்தறிய இயலாது. இம்மயக்கத்தை யாம் குறையாகக் கொள்ளவில்லை. கேட்பவர் காதில் ஐயம் விழாமல் மதிப்பே விழுகின்றது.

இனி, அணுகிச் சென்றாலும் தீராத ஐயம் உண்டன்றோ? உரைகாரர் யாவரும் தொலைவையே ஐயத்தின் காரணமாகக் கொண்டனர். ஆயின் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈற்றாலேயே அது வழங்கும் என்று கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் கூறிவிட்டார். ஆண்பால் ஈறு அதற்கு ஏலாது என்றும் பின்னர் வரையறுத்தார். மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை தாடியையும் பூங்குழலையும் ஒரே உருவிற் காட்டிப் பேடியின் ஆடலைப் புனைகிறது. அங்கே வீதியில் நிற்போர் கண்டு நிற்கின்றனரேயன்றி ஐயுற்று வினவுவாரில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இதில் ஓரடி முன்னும் ஓரடி பின்னும் வைத்தார் என்பது எம் துணிபு. பிறந்த தன்மையைத் துறந்து மற்றொன்றை விழைவாரை, அவர் விழைந்த பாலிலேயே அவர் வைத்தார். பாலைத் துணிவது காண்பவன் கண் அன்று, உடையவர் விழைவு என்பது இதன் உட்பொருள். 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தம் பாலைத் தாமே உணர்ந்துரைக்கும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, நன்னூல் பயின்றார்க்கு அது முற்றும் புதிதாகத் தோன்றியிருத்தல் இயலாது. ஆயின் அதே நூற்பாவின் இறுதியில், அவ்விருவகையாரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்று சேர்த்தார். திணையை இழக்காத தொல்காப்பிய நெறி இவ்விடத்தே நெகிழ்ந்தது. பவணந்தியார் தம் காலத்து வழக்கைப் பதிந்தார் என்று சமாதானம் கூறுவோர் உளர். வழக்கைப் பதிதல் இலக்கணியின் கடனே. ஆயினும் உயர்வுப் பன்மையை வழக்கு என ஏற்றும் நெறியன்று எனப் பிரித்துரைத்த தொல்காப்பியரின் எச்சரிக்கை இங்கே காணப்படவில்லை.

திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் அரசாணையிலும் செய்தித்தாளிலும் நிலைபெற்ற இந்நாளிலும், இந்நூற்பாவின் கடைப்பகுதியை விளக்கும்போது 'பேடு வந்தது' என்றே கரும்பலகையில் எழுதிவருகிறோம். அதனை விட்டுவிடுக என்பதன்று எம் வேண்டுகோள். நூற்பாவைத் திருத்த எவர்க்கும் உரிமையில்லை. முன்னிரு பகுதிகளும் பால் வரையறை, கடைப்பகுதி வழக்கு நோக்கிய உடன்பாடு என்று பிரித்துக் காட்டிய பின்னரே அவ்வுதாரணத்தை எழுதுதல் வேண்டும். சென்ற பருவத்தில் அவ்வாறு நடத்தியபோது, நடைமேடையில் 'ஒருவன்' என்று வாதிட்ட மாணவரே எழுந்து, கிளவியாக்கத்து ஐய நூற்பாக்களை இதற்கு முன்னதாகவே நடத்தியிருக்கலாமே என்றார். வரும் ஆண்டுப் பாட வரிசையை அவ்வாறே மாற்றி அமைத்துள்ளோம்.