குருதியில் எழுதப்பட்டதா குணம்?

'அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது' என்னும் வழக்கு புகழாகவும் வரும், பழியாகவும் வரும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை வாழும் இருளர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே சுமப்பவர்கள். பாம்பு பிடிக்கும் திறனைப் பேசும்போது புகழ். ஊரில் பொருள் களவுபோனால் ஐயம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்களே.

இப்பிழைக்கு ஏட்டு மதிப்பு அளித்தவர்களுள் எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த அவர், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்', வழக்காறுகளின் களஞ்சியமாக இன்றும் பயன்படுகிறது. ஆனால் மூக்கின் நீள அகலங்களை அளந்து மக்களை வகைப்படுத்திய அதன் முறை, உடலளவிலிருந்து குலத்தின் இயல்பை ஊகிக்க இடந்தந்தது. பிறப்பையே குற்றத்தின் சான்றாகக் கொண்ட 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. நாடெங்கும் அது நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்றைய மரபணுவியல் இதற்கு அரணாகுமா? அறிவுத்திறனில் மனிதர்க்கிடையே காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு கணிசமானது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. பரிவு, சினம் போன்ற இயல்புகளிலும் அதற்குப் பங்குண்டு. இதை மறுப்பது அறிவுடைமையன்று. ஆயினும் அக்கணக்கு ஒரு மக்கள்திரளுக்குள் காணும் வேறுபாட்டைப் பற்றியது. இரு சமூகங்களுக்கிடையேயான இடைவெளிக்குக் காரணம் சொல்ல அதனால் இயலாது. உயரமும் பெரிதும் மரபுவழிப்பட்டதே. எனினும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறாண்டில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடியது. மாறியது மரபணுவன்று, வாழ்வு.

வடநெம்மேலி இதற்கு நம்மருகிலுள்ள சான்று. தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த இருளர்களின் தொழிலை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் முடக்கின. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் அங்கு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதன்பின் அதே கைகள் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை மீண்டும் காட்டில் விட்டன. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்தாகி உயிர்களைக் காத்தது. சில ஆண்டுகளுக்குள் எந்தக் குருதி மாறிவிட்டது? தடம் பார்த்தல், வளை அறிதல், உரித்த சட்டையைக் கொண்டு இனங்காணல் எல்லாம் பெற்றோருடன் நடந்து கற்ற கல்வி. 2023இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பெற்ற பத்மஸ்ரீ அக்கல்விக்குரிய சிறப்பாகும். அதைக் 'குலத்தின் இயல்பு' என்பது அவர்தம் உழைப்பை மறைப்பதாகும்.

கறுப்பு நிறத்துக்கு முன்னோர் பெற்ற சாபமே காரணம் என்னும் வம்சக் கதையை இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே தம் முகத்திமாவில் மறுத்தார். மனிதனை ஆக்குவதில் பழக்கத்துக்கு முதன்மை தந்தார். தட்பவெப்பத்தைக் கொண்டு மக்களின் குணத்தை வரையறுக்கையில் அவரும் சறுக்கினார் என்பது, இம்மயக்கம் பேரறிஞரையும் விடாது என்பதற்குச் சான்று. நன்மையை நாடும் ஃபித்ரா குழந்தைகள் அனைவர்க்கும் பொதுவாக அருளப்பட்டது என்பது நம் நம்பிக்கை. அதை ஏற்பவர், ஓர் இருளர் சிறுவனைப் பள்ளியிலோ காவல் நிலையத்திலோ குலத்தைக் கொண்டு எடைபோடுவதை ஏற்க இயலாது.